வாசகர் கேள்வி – பதில்: அரியணை ஏறிய பாதுகை

கேள்வி: பேத்திக்குச் சிண்ட்ரெல்லா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ராமருடைய செருப்பும் இப்படித்தானே, ஆச்சி?" என்று கேட்டுவிட்டாள். வாசலிலேயே கழற்றிப்போடும் செருப்புக்குக் கதைகளில் மட்டும் இவ்வளவு பெரிய இடம் எப்படிக் கிடைத்தது?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: தங்கள் பேத்தி கேட்டது சரியான கேள்வி. அணியும் பொருள்களில் செருப்பைப் போல உடையவரின் தடத்தை வாங்கிக்கொள்வது வேறொன்றில்லை. தேயத் தேய அது அவருக்கே உரியதாகிவிடுகிறது. ஆள் இல்லாத இடத்தில் ஆளாக நிற்கும் தகுதியைக் கதைகள் அதற்குக் கொடுத்தது இதனால்தான் என்று எண்ணுகிறேன். இராமன் திரும்பும்வரை, 14 ஆண்டுகள், நந்திகிராமத்தில் பாதுகைகளே அரசாண்டன. 'முடித்தலம் இவை' என்று பரதன் அவற்றைத் தலையில் சூடினான் என்கிறார் கம்பர். பெருமாள் கோயில்களில் நம் தலையில் வைக்கப்படும் சடாரியும் இறைவனின் திருவடி நிலையே, அதாவது பாதுகையே. வைணவர்கள் அதை நம்மாழ்வாராகவே கருதுவர். அவருடைய தாயார் பிறந்த ஊராகச் சொல்லப்படுவது நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரம் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சிண்ட்ரெல்லாவின் காலணியும் ஆளுக்குச் சாட்சி சொல்வதுதான். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் அதைக் கண்ணாடியால் செய்தார். கண்ணாடி விரிந்தும் கொடுக்காது, சுருங்கியும் கொடுக்காது. கிரிம் சகோதரர்களின் கதையிலோ அது பொன்னாகிறது. மூத்த தாரத்து மகளின் இடத்தைப் பிடிக்க நினைத்த ஒருத்தி கால்விரலையும் மற்றொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்ள, வழிந்த இரத்தத்தைப் புறாக்கள் காட்டிக்கொடுக்கின்றன. பேத்திக்கு இந்தப் பகுதியைச் சற்றுப் பொறுத்துச் சொல்லலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் இருக்கிறது. ஜமதக்னி முனிவர் எய்த அம்புகளை எடுத்துவரப் போன ரேணுகை, தலையும் காலும் வெயிலில் சுட, மர நிழலில் சற்று நின்றுவிட்டுத் தாமதமாக வருகிறாள். சினந்த முனிவர் சூரியன்மீதே வில்லை வளைக்க, அவன் இறங்கிவந்து குடையையும் தோல் செருப்பையும் கொடுத்துப் பணிகிறான். இந்த ஜமதக்னியின் மகன்தான், கோகர்ணம் முதல் குமரி வரை கடலிலிருந்து நிலத்தை மீட்டதாகக் கேரள மரபு சொல்லும் பரசுராமன். அப்படி மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அதே மண்ணில், 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியினர் பிடிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டது குடை. அணியக்கூடாது என்று தடுக்கப்பட்டது செருப்பு. வெயிலுக்கு ஈடாகச் சூரியன் கொடுத்தவையே இவ்விரண்டும். செருப்பு பாதத்தைக் காக்கும் தோல் மட்டுமாக இருந்திருந்தால் அதற்குத் தடை விதிக்க யாருக்கும் தோன்றியிராது.

கேள்வி: மோசேயைப் பாதரட்சையைக் கழற்றச் சொல்லும் வேதாகமம், இயேசுவின் உவமையில் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய குமாரனுக்கு மட்டும் ஏன் அதை அணிவிக்கச் சொல்கிறது?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இஸ்ரவேலில் நிலத்தின்மேல் உள்ள உரிமையை விட்டுக்கொடுப்பவன் தன் பாதரட்சையைக் கழற்றி மற்றவனிடம் கொடுப்பது முற்கால வழக்கம் என்று ரூத்தின் புத்தகம் சொல்கிறது. அந்த வழக்கத்தை மனத்தில் வைத்து இரண்டு இடங்களையும் படித்துப் பாருங்கள். எரிகிற முட்செடியின் முன் நிற்கும் மோசேக்கு அந்த நிலத்தில் உரிமை ஏதுமில்லை. இளைய குமாரனோ கூலிக்காரர்களில் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொள்ளும்படி கேட்கவே வந்தவன். அவன் அதைச் சொல்லி முடிக்குமுன்பே தகப்பன் அவனுக்குப் பாதரட்சை அணிவிக்க ஊழியக்காரரை அழைத்துவிடுகிறார்.