லோகோவுக்காகக் கதையுலகை எழுதிக்கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டே, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டுகளுக்கு நாங்கள் மூவர் சேர்ந்து சாகசப் புத்தகங்கள் வெளியிடுகிறோம். பழங்காலக் கைவினை ஊரான கொடுமணலையும் நொய்யல் கரைப் பெருவழியையும் களமாக்கி, கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையின் சாயலோடு உருவாக்கிய கதையுலகின் முதல் புத்தகம் 500 பிரதிகள் அச்சாகக் காத்திருக்கிறது. பிரபல விளையாட்டு ஒன்றை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம், தன் லோகோவை அட்டையில் போட்டுக்கொள்ளக் கட்டணமில்லா உரிமம் தருகிறது. நிபந்தனைகளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எங்கள் உள்ளடக்கத்தை என்றென்றைக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உரிமம் ரத்தானால் 30 நாளில் இருப்பை அழிக்க வேண்டும். வழக்கென்றால் அவர்கள் ஊர் நீதிமன்றம்தான். ஏற்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய உரிமப் படிவத்தை முழுவதும் படித்தேன். இப்போதுள்ள வடிவில் அதை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உரிமம் என்பது, அது இல்லாவிட்டால் சட்டப்படி செய்ய முடியாத ஒன்றைச் செய்வதற்கான அனுமதி. எனவே அந்த அனுமதி இல்லாமல் உங்களால் எது முடியாது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருபது முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு வீரனின் வலிமையைக் கூட்டி, வெற்றி தோல்வியை முடிவு செய்யும் முறை ஒரு கருத்து. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஸ்கிராபிள் வழக்கு. அந்த விளையாட்டை ‘ஸ்கிராபுலஸ்’ என்ற பெயரில் இணையத்தில் நடத்திய கொல்கத்தா சகோதரர்களுக்கு எதிராகப் பதிப்புரிமையின் பேரில் இடைக்காலத் தடை கேட்ட நிறுவனத்துக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் வணிகச் சின்னத்தின் பேரில் தடை கிடைத்தது. அதாவது விதிகளை வைத்துக்கொள்ள முடிந்தது, பெயரை வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் நிலையும் ஏறக்குறைய அதுவே: விதிமுறைகளை உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதினால் யார் அனுமதியும் தேவையில்லை; அவர்களுடைய வாக்கியங்கள், படங்கள், அவர்களே படைத்த பூதங்களின் வர்ணனை ஆகியவற்றைத் தொடக்கூடாது.

பெயரிலும்கூட நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கையறு நிலை இல்லை. ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குத் துணைப்பொருளாக அமைந்தது என்பதைத் தெரிவிக்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்குப் பிறர் சின்னத்தைக் குறிப்பிடுவது மீறலாகாது என்கிறது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 30(2)(ஈ) பிரிவு. பின்னட்டையில் சாதாரண எழுத்தில் ‘இன்ன விளையாட்டுடன் சேர்த்து ஆடலாம், அந்த நிறுவனத்தின் வெளியீடு அல்ல’ என்று ஒரு வரி போட்டால், இந்தப் பிரிவைக் காட்டி வாதிட இடமுண்டு. லோகோவை அச்சடித்தால் அந்த வாதம் நிற்காது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு நிபந்தனையைச் சொல்ல வேண்டும். படிவத்தின் பிற்பகுதியில், உரிமம் அனுமதித்த விதத்தில் தவிர வேறு எவ்விதத்திலும் அவர்கள் பெயரைக் குறிப்பிட மாட்டோம் என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாக ஒரு பத்தி வருகிறது. ஏற்றுக்கொண்ட அந்த நிமிடமே, சட்டம் சும்மா கொடுத்திருந்ததை நீங்களே எழுதிக்கொடுத்தவர்கள் ஆகிறீர்கள். இது புதிய தந்திரமல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ஆர்.பி.ஜி.யின் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் விதிகளைப் பிற பதிப்பாளர்களும் பயன்படுத்த அனுமதித்து 2000-இல் வெளியிட்ட திறந்த விளையாட்டு உரிமத்தின் 7-ஆம் பத்தியிலும் இத்தகைய விதி இருந்தது.

‘எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்ற நிபந்தனையின் வலிமையை அறியவும் அந்த உரிமத்தின் வரலாறே போதும். அதில் ‘என்றென்றைக்குமான’ என்ற சொல் இருந்தது, ‘திரும்பப் பெற முடியாத’ என்ற சொல் இல்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட’ எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. இருபதாண்டுக்கும் மேலாகச் சிறு பதிப்பகங்கள் அதை நம்பி நூல்கள் வெளியிட்ட பிறகு, 2023 ஜனவரியில் கசிந்த புதிய வரைவு, பழைய பதிப்பு இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்றது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால் மிகுதியில் 25 சதவீதம்வரை ராயல்டி கேட்டது. எதிர்ப்பு கிளம்பவே நிறுவனம் பின்வாங்கி, அம்மாதம் 27-ஆம் தேதி தன் அடிப்படை விதித் தொகுப்பின் 5.1 பதிப்பை, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. வாசகர்களின் கோபம் காப்பாற்றியதே தவிர, ஒப்பந்தத்தின் வாசகம் யாரையும் காப்பாற்றவில்லை. மூவர் மட்டும் உள்ள ஓர் ஈரோட்டுப் பதிப்பகத்துக்காக அப்படியொரு கோபம் கிளம்பும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அடுத்தது, உங்கள் உள்ளடக்கத்தை அவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் நிபந்தனை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஏ பிரிவை 19-ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தால், காலம் குறிப்பிடாத உரிமம் ஐந்தாண்டுக்கு மட்டுமே, இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். ஆனால் இந்தப் படிவம் ‘என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்று இரண்டையும் குறிப்பிட்டுவிட்டதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு எட்டாது. உடுக்கடித்துப் பாடப்பட்டுவரும் அண்ணன்மார் கதை யாருடைய தனிச்சொத்தும் அல்ல, அதை உங்களால் கொடுக்கவும் முடியாது. ஆனால் கொடுமணல் பட்டறையில் கல்மணி துளையிடும் கைவினைஞரைக் கதாபாத்திரமாக்கி நீங்கள் எழுதிய பகுதி முழுக்க உங்களுடையது. அதை நாளை அவர்கள் தங்கள் புத்தகத்தில் போட்டு விற்றால் உங்கள் பெயரைக்கூடப் போட வேண்டியதில்லை என்கிறது படிவம்.

இருப்பை அழிக்கும் நிபந்தனையைத் திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் விளக்குவார்கள். வெளிநாட்டு பையர் (வாங்கும் நிறுவனம்) ஆர்டரை ரத்து செய்தால் லேபிளை வெட்டிவிட்டு பனியனையாவது விற்கலாம். இங்கே அட்டையை மட்டும் மாற்றி விற்கவும் வழியில்லை.

வெளிநாட்டு நீதிமன்றம் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அவர்கள் ஊர் இருக்கும் அமெரிக்கா, நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நாடல்ல. அங்கே பெற்ற தீர்ப்பை வைத்து இங்கே நேரடியாக ஜப்தி செய்ய முடியாது, அதன்மேல் புதிதாக வழக்குப் போட வேண்டும். ஆனால் அவ்வளவு தூரம் போகவே தேவைப்படாது. நீங்கள் பி.டி.எஃப். விற்கும் வெளிநாட்டுத் தளத்துக்கு ஒரு புகார் போனால் விற்பனை நின்றுவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கதையுலகையும் விதிகளையும் இரண்டாகப் பிரியுங்கள். ஊர்கள், மாந்தர், வரலாறு, வரைபடம் அடங்கிய பெரிய புத்தகத்தை எந்த விளையாட்டின் எண்ணும் இல்லாமல் உங்கள் பெயரில் மட்டும் வெளியிடுங்கள். எண்களும் விதிகளும் வேண்டிய இடத்துக்கு மேலே சொன்ன கிரியேட்டிவ் காமன்ஸ் தொகுப்பை அடித்தளமாக எடுக்கலாம். அந்த உரிமத்தில் ‘திரும்பப் பெற முடியாத’ என்ற சொல் இருக்கிறது, மூலத்துக்கு உரிய நன்றிக்குறிப்பைப் போட்டால் போதும். எப்படியும் அந்த லோகோ வேண்டும் என்றால், பதினாறு பக்கச் சாகசச் சிற்றேடு ஒன்றை மட்டும் அந்த உரிமத்தின்கீழ் கொண்டுவாருங்கள். போனாலும் அதோடு போகட்டும். அதற்கும்கூட, இருப்பை விற்க ஆறு மாத அவகாசமும், மாற்றங்கள் ஏற்கெனவே அச்சான பிரதிகளைப் பாதிக்காது என்ற வரியும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

கோவையில் உங்களுக்குப் படம் வரைந்து தந்த நண்பரிடம் உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. பணம் கொடுத்துவிட்டோம் என்பது எல்லாச் சித்திரத்துக்கும் போதாது. இதை அச்சுக்கு முன் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி மின்னணு வழியில் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே. நீங்கள் மூவரும் லாபத்தைப் பகிர்ந்துகொள்வதால், பதிவு செய்யாவிட்டாலும் கூட்டாளிகளாகக் கருதப்படக்கூடும்; அப்படியானால் தொழில் சம்பந்தமாக ஒருவர் செய்தது மற்ற இருவரையும் கட்டுப்படுத்தும். எனவே, படிவத்தைப் பார்ப்பதற்காக அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கியபோது மூவரில் யாராவது ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினார்களா என்று விசாரியுங்கள். அழுத்தியிருந்தால், தேதியோடு வந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அச்சகத்தை நிறுத்தி வையுங்கள்.