சாயம் போகும் துணிக்குப் பவுடர் போட்டால் போதுமா?

கேள்வி: மகளுக்குப் புதிதாக எடுத்த மெரூன் நிறக் காட்டன் குர்தாவை மெஷினில் மற்றத் துணிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். கணவரின் வெள்ளை வேட்டியில் திட்டுத் திட்டாக ரோஸ் நிறம் ஏறிவிட்டது. கல்லுப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்கிறார் மாமியார். சோப்புத்தூளோடு கலந்து போட, ‘சாயம் ஒட்டாமல் காக்கும் பவுடர்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். எதைப் போடுவது? வேட்டியைக் காப்பாற்ற முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேட்டியைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அதுவரை அதற்கு இஸ்திரி மட்டும் போட வேண்டாம்.

உப்பைப் பற்றி உங்கள் மாமியார் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். உப்புத் தண்ணீரில் சாயம் குறைவாகத்தான் இறங்கும். ஆனால் அது சாயம் நின்றுவிட்டதன் அடையாளம் அல்ல. சாயப்பட்டறையில் உப்பு மூட்டை மூட்டையாகச் செலவாகும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 50, 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். தண்ணீரில் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலோடு ஒட்ட வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. சாயத்தை நூலோடு நிரந்தரமாகப் பிணைப்பதற்குப் பட்டறையில் சலவைச் சோடா சேர்க்க வேண்டும். சாயமேற்றி முடித்ததும் பட்டறையில் செய்யும் முதல் வேலையே பச்சைத் தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றுவதுதான். உப்பு இருக்கும் வரை பிணையாத சாயம் துணியை விட்டுப் போகாது.

ஆக, குர்தாவை உப்பில் ஊற வைத்தால், வெளியேற வேண்டிய சாயத்தை நீங்களே உள்ளே நிறுத்தி வைக்கிறீர்கள். அடுத்த முறை உப்பில்லாமல் துவைக்கும்போது அது வெளியே வரும். வினிகரும் காட்டனுக்கு உதவாது. அமிலம் துணை செய்வது பட்டு, கம்பளி, நைலானுக்குப் போடும் வேறு வகைச் சாயங்களுக்கு. படிகாரம் இயற்கைச் சாயத்துக்கு உரியது, அதுவும் சாயமேற்றும் சமயத்தில் போட வேண்டியது.

இன்று காட்டன் துணிகளில் பெரும்பாலும் இருப்பது ‘ரியாக்டிவ்’ சாயம். 1956-இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நூலோடு வேதிப் பிணைப்பே உண்டாக்குவதால், பிணைந்த பங்கு சாதாரணச் சலவையில் அசையாது. ஆனால் போடும் சாயத்தில் 60 முதல் 80 சதவீதம்தான் பொதுவாகப் பிணைகிறது. மீதியைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். இதற்குத் தண்ணீர், நீராவி, நேரம் எல்லாம் செலவு. அந்த அலசலைக் குறைத்துக்கொண்டால் மிச்சச் சாயம் உங்கள் வீட்டு வாளியில்தான் வந்து இறங்கும். மெரூன், கருப்பு, நேவி ப்ளூ போன்ற அடர் நிறங்களிலும் மயில்நீலத்திலும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இப்போது பவுடர். நிறத் துணிகளுக்கான இந்தப் பவுடர்களில் வேலை செய்வது பாலிவினைல்பைரோலிடோன், சுருக்கமாக பி.வி.பி., என்ற பாலிமரோ அதன் உறவுக்கார பாலிமரோதான். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தில் அயோடினைப் பிடித்து வைத்திருக்கும் போவிடோனும் இதுவே. துணியிலிருந்து தண்ணீருக்கு வந்த சாயத்தைப் பிடித்து மிதக்க வைத்து, இன்னொரு துணியில் உட்காரவிடாமல் அழுக்குத் தண்ணீரோடு வெளியேற்றுகிறது. குர்தாவிலிருந்து சாயம் இறங்குவதை அது தடுக்காது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, பவுடர் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் புதுச் சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் போடுகிறார்கள். பவுடர் பிடிக்கக்கூடிய சாயத்துக்கு அளவு உண்டு. ஓரளவு சாயம் போகும் பழைய கலர் துணிகளுக்கு அது நல்ல பாதுகாப்பு. புதுத் துணி கக்கும் சாயத்துக்கு அதை நம்பாதீர்கள்.

பவுடரைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகுதான் துணியைப் போட வேண்டும். சாயம் இறங்கும்போது அது தண்ணீரில் தயாராக இருக்க வேண்டுமே. சோப்புத்தூளையும் அள்ளிக் கொட்ட வேண்டாம். சாதாரணச் சோப்புத்தூளில் உள்ள சில நுரைப்பொருள்கள் பி.வி.பி.யோடு ஒட்டிக்கொண்டு அதன் பிடிமானத்தைக் குறைத்துவிடும். டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். ‘சோடியம் பெர்கார்பனேட்’ மட்டும் எழுதியிருந்தால் அது கறை நீக்கும் ஆக்ஸி பவுடர், சாயத்தைப் பிடிக்கும் பவுடர் அல்ல. ‘டை டிரான்ஸ்ஃபர் இன்ஹிபிட்டர்’ அல்லது பி.வி.பி. என்று இருக்க வேண்டும். ஜீன்ஸுக்கு இதில் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். இண்டிகோ நூலின் மேற்பரப்பில் உட்கார்ந்திருப்பது, உரசினாலே உதிரும்.

குர்தாவை முதல் மூன்று நான்கு முறை தனியாக, உள்பக்கம் வெளியே திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டுத் துவையுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். மணிக்கணக்கில் ஊற வேண்டாம். ஓரளவு தெளியும் வரை தண்ணீரை மாற்றி அலசி, உடனே பிழிந்து நிழலில் விரித்துக் காயப் போடுங்கள். ஈரத்துணிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடக்கும்போதுதான் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறுகிறது. மெஷின் நின்ற பிறகும் துணியை உள்ளேயே விட்டுவைப்பது பல வெள்ளைச் சட்டைகளைக் கெடுத்திருக்கிறது. பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, குர்தாவின் உள்மடிப்புத் தையலில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். முனை வெள்ளையாகவே இருந்தால் மற்றக் கலர் துணிகளோடு, பவுடரும் சேர்த்து, மெஷினில் போடலாம். வெள்ளையை எப்போதும் தனியாகவே துவையுங்கள். வெள்ளை நைலான் லேஸ், உள்ளாடை எலாஸ்டிக் போன்றவை சாயத்தைப் பருத்தியைவிட வேகமாக வாங்கிக்கொள்ளும்.

வேட்டிக்கு இப்போது அந்த ஆக்ஸி பவுடர்தான் மருந்து. நாலு லிட்டர் சூடான தண்ணீரில் (50 டிகிரி அளவு, கொதிநீர் அல்ல) ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ரோஸ் ஏறிய பகுதியை இரண்டு மூன்று மணி நேரம் ஊற வையுங்கள். கறை பாதி போயிருந்தால் புதிதாகக் கரைத்து மறுபடி செய்யலாம். கரையில் ஜரிகையோ நிறமோ இருந்தால் அந்தப் பக்கத்தைச் சுருட்டி, நூலால் கட்டி, வாளிக்கு வெளியே தொங்கவிடுங்கள். கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் மூடி வைக்கக் கூடாது, ஆக்ஸிஜன் வெளிவந்து பாட்டில் வெடிக்கலாம். பட்டு வேட்டியாக இருந்தால் இதைத் தொடவே வேண்டாம், டிரைகிளீனரிடம் கொடுங்கள். பட்டறைக்காரர்கள் சொல்லும் ‘ஹைட்ரோஸ்’ என்ற நிறம் நீக்கும் ரசாயனம் பலமானதுதான், ஆனால் கறையோடு கரையின் நிறத்தையும் எடுத்துவிடும். குளோரின் பிளீச்சை வினிகரோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ஐந்தாறு சலவைக்குப் பிறகும் குர்தா வாளித் தண்ணீரைச் சிவப்பாக்கினால், அது அலசாமல் விட்ட மிச்சச் சாயம் மட்டுமல்ல, சாயமே நூலோடு சரியாகப் பிணையவில்லை என்று அர்த்தம். அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. பில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.