மேடைக்கு எந்த லூப் பெடல்?

கேள்வி: வீட்டில் தனியாக கிட்டார் பழகுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச் நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு என்று மேடையும் ஏறுவதுண்டு. வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் பெடல் ஒன்று வேண்டும். டிசி எலக்ட்ரானிக்கின் டிட்டோ போதுமா, பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆர்சி-5 வாங்கணுமா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பழக மட்டும் என்றால் டிட்டோ தாராளம். ஒரே குமிழ், ஒரே பொத்தான், 5 நிமிடம் வரை பதியும். நாலு கார்டை (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) ஓடவிட்டு அதன்மேல் மெலடி வாசித்துப் பார்க்க வேறென்ன வேண்டும்? ஆனால் மேடையில் லூப்பை நிறுத்துவதுதான் பெரும்பாடு, அந்த ஒற்றைப் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு தரம் மிதிக்க வேண்டும், கால் கொஞ்சம் பிந்தினாலும் பாட்டு முடிந்த பிறகும் லூப் அடுத்த சுற்றுக்குள் போய்விடும். அதனால் உங்களுக்கு ஆர்சி-5 தான் சரி. 99 லூப் சேமிக்கலாம், தாளமும் உள்ளேயே இருக்கிறது, நிறுத்துவதற்கென்று தனிக் கால் சுவிட்சும் மாட்டிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் ஒலியை மாற்றும் டிஸ்டார்ஷன், டிலே பெடல்களை எல்லாம் தாண்டி கடைசியில் மாட்டுங்கள். அப்போதுதான் ரிதம் ஒரு டோனிலும் சோலோ வேறு டோனிலும் வரும். அப்புறம், டிரம்ஸ் வாசிப்பவருக்கு லூப் நன்றாகக் கேட்கும்படி அவர் பக்கம் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கச் சொல்லுங்கள். அவர் தாளம் விலகினால் லூப் அவருக்காகக் காத்திருக்காது.