நாதஸ்வரம் சோறு போடுமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டதிலிருந்து அதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறான். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் வாசித்ததில்லை. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். இது சோறு போடுமா?

செ.

அன்புள்ள செ.,

போடும். கல்யாணமும் காதுகுத்தும் கும்பாபிஷேகமும் இருக்கும்வரை மேளம் வேண்டும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வைகாசியில் வந்ததை ஆடிக்கு எடுத்துவைக்கத் தெரிய வேண்டும். போதாததற்கு இப்போது நம்மூர்க் கல்யாணங்களில் கேரளத்துச் செண்டை மேளம் வேறு. மாதச் சம்பளம்தான் வேண்டுமென்றால் அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளத்துக்குப் பணியிடங்கள் உண்டு. அதற்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்பார்கள்.

எனக்குக் கவலை வேறு. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாயனக்காரருக்கு, அதாவது நாதஸ்வரம் வாசிப்பவருக்கு, ஐம்பது வயதிருக்கும். வாத்தியத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு கரகரப்பிரியா ராகத்தை எடுத்தார். மெல்ல மேலே ஏறி, ஒரு சுரத்தில் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மேடையிலிருந்து ஒருவர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம்! ராகம் பாதியில் அறுந்தது. அதன்பின் அவர் அதைத் தொடவே இல்லை. மண்டபத்தில் யாருக்கும் அது தெரியவும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இறங்காவிட்டாலும் பந்தியில் உட்கார்ந்தேன், அது வேறு விஷயம்.)

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கச்சேரி மேடைக்காகவே சுருதி குறைந்த பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தோடி ராகத்தைக் கேட்க ஊரே திரண்டது. அவர் 1956இல் மறைந்தார். டிசம்பர் சபாக்களில் இன்று பெரும்பாலும் தொடக்க நாளின் மங்கள இசையோடு நாதஸ்வரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் அப்போதுதான் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பையன் தாங்க வேண்டியது இதைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? இசைப்பள்ளிப் படிப்பு மூன்று வருடம், பகல் முழுக்க. அதையும் பிளஸ் டூவையும் ஒன்றாக இழுக்க முடியாது. இருபத்தைந்து வயதுவரை சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதால் அவசரமில்லை. பிளஸ் டூ முடிக்கட்டும். ஆனால் மூச்சுப் பயிற்சி அதுவரை காத்திருக்காது; இப்போதே பக்கத்தில் ஒரு வித்வானைப் பிடியுங்கள். பரம்பரை இல்லையென்றால் பள்ளியில் யாரும் கேட்க மாட்டார்கள், தொழிலுக்கு வந்தபின் கேட்பார்கள். "யாருகிட்ட கத்துக்கிட்டே?" என்பதற்கு ஒரு பெயர் இருந்தால் பாதி வாய் அடங்கும்.

அப்புறம், அந்த வித்வானின் செட்டோடு நாலைந்து முகூர்த்தத்துக்கு அனுப்பிவையுங்கள். தாளம் போடட்டும். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, வேன் பிடித்து, மாப்பிள்ளை அழைப்பில் நடந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுத் திரும்பட்டும்.

நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன நரசிங்கம்பேட்டையின் வாத்தியத்துக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். ஆச்சா மரத்தில் கடைந்த நல்ல வாத்தியம், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, எல்லாம் சரி. முதல் வருடத்துக்கு வித்வானிடம் கிடக்கும் பழைய நாயனமே போதும். நல்ல சீவாளி மட்டும் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் ஊத வேண்டாம், ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். அக்கம்பக்கத்தார் இன்னும் சிரிக்க மட்டும்தான் செய்கிறார்கள்.