மிஷன் இம்பாசிபிள் வரிசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கங்க. போன வாரம் நீங்கள் எழுதிய மிஷன் இம்பாசிபிள் படங்களின் தரவரிசையைப் படித்தோம். காங்கேயத்தில் எங்கள் தேங்காய்க் களத்தில் வேலை முடிந்த பிறகு, நாங்கள் ஐந்து பேர் எட்டு ராத்திரி உட்கார்ந்து எட்டுப் படத்தையும் பார்த்து முடித்தோம். உங்கள் வரிசை எங்களுக்கு ஒத்துவரவில்லைங்க. 1996இல் வந்த முதல் படத்தை முதலிடத்தில் வைத்திருக்கிறீர்கள். அப்புறம் ஃபால்அவுட், ரோக் நேஷன், கோஸ்ட் புரோட்டோகால், டெட் ரெக்கனிங், மூன்றாம் பாகம், ஃபைனல் ரெக்கனிங், கடைசியில் இரண்டாம் பாகம். டாம் குரூஸ் புர்ஜ் கலீஃபாவில் ஏறுகிறார், பறக்கிற விமானத்துக்கு வெளியே தொங்குகிறார், மலை உச்சியிலிருந்து பைக்கோடு குதிக்கிறார். முதல் படத்தில் ஒரு ரூமுக்குள் கயிற்றில் தொங்குகிறார், அவ்வளவுதானே? எங்களில் ஒருத்தன் கிணற்று மோட்டார் மெக்கானிக். அவன் மட்டும் நீங்கள் சொன்னதுதான் சரி என்கிறான். ஏன்டா என்றால் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மூன்றாம் பாகத்து வில்லனைப் போல இந்தத் தொடரில் வேறு வில்லன் உண்டா, அதைப் போய் ஏன் ஆறாவது இடத்தில் தள்ளினீர்கள்? நம் ஊரில் ஏன் இப்படி ஒரு உளவாளித் தொடர் வரவில்லை?

கே.,
காங்கேயம்

அன்புள்ள கே.,

உங்கள் மெக்கானிக் நண்பரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி. அவருக்குச் சொல்லத் தெரியாததை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டத்துக் கிணறு 90 அடி ஆழம். பாறையை உடைத்து இறக்கிய கிணறு, பாதிக்குக் கீழே படி கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு கோடையில் மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டது. ஒருவர் இடுப்பில் வடக்கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார், மேலே எங்கள் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். இறங்குவதற்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். ஒரு தடவை இழுத்தால் நிறுத்து, இரண்டு தடவை இழுத்தால் தூக்கு, மூன்றாவது வரி கல்லு ஆடுது, கயிறு அதில் உரசக் கூடாது. இதைக் கேட்ட பிறகு அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் அந்தக் கல்லைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. யாரும் பேசவில்லை. கயிறு கல்லுக்கு நாலு விரல் தள்ளிப் போகும்போது என் அம்மா மூச்சை இழுத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

முதல் படத்தில் சி.ஐ.ஏ. தலைமையகமான லாங்லியில் நடக்கும் காட்சியில் இயக்குநர் பிரையன் டி பால்மா செய்திருப்பதும் இதுதான். உள்ளே போவதற்கு முன்பே ஈதன் ஹன்ட் (டாம் குரூஸின் பாத்திரம்) நமக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறான். அந்த அறையில் முணுமுணுப்புக்கு மேல் சத்தம் வந்தால் அலாரம் அடிக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அடிக்கும். தரையில் எது விழுந்தாலும் அடிக்கும். சரி, இனி நமக்கு விதி தெரியும். பிறகு மேலே குழாய்க்குள் எலி வருகிறது, கயிறு பிடித்திருப்பவனின் பிடி நழுவுகிறது, ஈதன் தரைக்குச் சில அங்குலம் மேலே வந்து நிற்கிறான், அவன் கண்ணாடியில் ஒரு சொட்டு வியர்வை உருண்டு வருகிறது. பின்னணி இசை கிடையாது. கல்லூரியில் படித்தபோது கோயம்புத்தூர்த் தியேட்டர் ஒன்றில் இதைப் பார்த்தேன். ஆங்கில வசனம் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதை வெளியே வந்து டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்தக் காட்சியில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. அத்தனை பேர் இருந்த தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் போட்ட வரிசைக்கு அளவுகோல் இதுதான். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். என்ன செய்யப் போகிறார்கள், எங்கே தவறும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு மூலையில் அது தவற வேண்டும்.

கோஸ்ட் புரோட்டோகாலில் (2011) எனக்குப் பிடித்தது 828 மீட்டர் உயரமுள்ள அந்தக் கட்டிடத்தைவிட, அதில் ஏறக் கொடுத்த கையுறைதான். நீல விளக்கு எரிந்தால் ஒட்டும், சிவப்பு எரிந்தால் போச்சு. அவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டு, பாதி வழியில் ஒரு கையுறையைச் செத்துப்போக வைக்கிறார் பிராட் பேர்ட். திரும்பி வரும்போது கயிறு எட்டவில்லை. முகமூடி செய்யும் இயந்திரமும் பழுதாகிவிட, முகமூடி இல்லாமலே இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் வேஷம் போட வேண்டியிருக்கிறது. துபாய் முழுக்கப் பிரமாதம். மும்பைக்கு வந்ததும் படம் தளர்கிறது. அனில் கபூரை அழைத்து வந்து, ஒரு விருந்தில் அசடு வழிய வைத்து அனுப்பிவிட்டார்களே என்று எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். அதனால்தான் நாலாவது.

ரோக் நேஷனில் (2015) எல்லோரும் விமானத்தைச் சொல்வார்கள். நான் வியன்னாவில் ஆப்பரா என்ற இசை நாடகம் நடக்கும் காட்சியைச் சொல்வேன். இசைத்தாளில் ஒரு ஸ்வரத்துக்கு அடையாளம் போட்டிருக்கிறது, பாட்டு அந்த ஸ்வரத்தைத் தொடும்போது குண்டு பாயும். துராந்தோத் என்ற அந்த ஆப்பராவை வாழ்க்கையில் கேட்டிராத நான், அந்தப் பாட்டு மேலே ஏற ஏற நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுடக் காத்திருப்பவர்களோ இரண்டு பேர், ஈதனால் ஒருவனைத்தான் தடுக்க முடியும். அவன் என்ன செய்கிறான் பாருங்கள், காப்பாற்ற வேண்டிய ஆளின் தோளிலேயே சுடுகிறான், அவரை அங்கிருந்து நகர்த்துவதற்காக. அப்புறம் இல்சா ஃபாஸ்ட். ரெபெக்கா ஃபெர்குசன் நடித்த இந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருக்கிறது, ஈதன் இல்லாவிட்டாலும் அவள் கதை நடக்கும். டெட் ரெக்கனிங்கில் (2023) அவளை வெனிஸில் அவ்வளவு அவசரமாகச் சாகடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படத்தில் நார்வே பைக் குதிப்பும் எனக்கு ஏமாற்றம்தான். எப்படி எடுத்தோம் என்று பல மாதம் முன்பே வீடியோ போட்டுவிட்டார்கள், தியேட்டரில் பார்க்கும்போது அந்த வீடியோதான் மனதில் ஓடியது.

ஃபால்அவுட்டுக்கு (2018) வருகிறேன். முதல் ஐந்து படங்களுக்கு ஐந்து இயக்குநர்கள். திரும்பி வந்த முதல் இயக்குநர் ரோக் நேஷனை எடுத்த கிறிஸ்டோபர் மெக்குவாரி, அவர் வந்து எடுத்த படம் இது. பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றி எதிர்த்திசையில் பைக், லண்டன் கூரைகளில் ஓட்டம். அந்த ஓட்டத்தில் ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது டாம் குரூஸின் கணுக்கால் நிஜமாகவே உடைந்தது. அந்த ஷாட் படத்திலேயே இருக்கிறது, எழுந்து நொண்டிக்கொண்டு ஓடுவதை உற்றுப் பார்த்தால் தெரியும். காஷ்மீர் என்று காட்டிய ஹெலிகாப்டர் துரத்தலை நியூசிலாந்தில் எடுத்தார்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு முடிவு இருக்கிறது. படம் தொடங்கியதும் புளூட்டோனியமா, தன் கூட்டாளி லூதரின் உயிரா என்ற நிலையில் ஈதன் லூதரைத் தேர்ந்தெடுக்கிறான். பிறகு நடக்கும் அத்தனை ஆபத்தும் அந்த ஒரு முடிவின் வட்டி. அதனால்தான் இரண்டரை மணி நேரம் ஓடியும் எனக்குச் சலிக்கவில்லை.

இப்போது உங்கள் வில்லன். ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் மாதிரி ஒருவர் இந்தத் தொடரில் வேறு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் காட்சியிலேயே ஈதனின் மனைவி தலையில் துப்பாக்கியை வைத்துப் பத்து வரை எண்ணுகிறார், குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார். உங்கள் கடிதம் வந்த பிறகு நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். என் பழைய புகார் அப்படியேதான் இருக்கிறது. ஷாங்காயில் கண்ணாடியில் படம் வரைந்து, இந்தக் கட்டிடத்திலிருந்து ஊஞ்சல் போல ஆடி அந்தக் கட்டிடத்துக்குப் போவேன் என்கிறான் ஈதன். ஆடியும் போகிறான். ஆனால் உள்ளே நடக்கும் திருட்டை ஜே.ஜே. ஆப்ராம்ஸ் காட்டவே இல்லை, நாம் வெளியே காத்திருக்கிறோம், அவன் பொருளோடு வந்துவிடுகிறான். கிணற்றுக்குள் ஆளை இறக்கிவிட்டு நம்மை வீட்டுக்குப் போகச் சொன்ன மாதிரி இருக்கிறது. இருந்தாலும் டெட் ரெக்கனிங்கைவிட இது மேல், அதில் நீங்கள் சொல்வது சரி. மூன்றாம் பாகம் இனி ஐந்தாவது, வரிசையைத் திருத்திவிட்டேன்.

இரண்டாம் பாகத்தைப் (2000) பற்றி அதிகம் சொல்ல இல்லை. அந்த ஆண்டு உலக அளவில் அதிகம் வசூலித்த படம் அது, அதை எடுத்த ஜான் வூவின் மற்ற படங்கள் எனக்கு உயிர். ஆனால் இதில் புறா பறக்கிறது, பைக்குகள் சுற்றுகின்றன, முகமூடியை இத்தனை தடவை கழற்றினால் எந்த முகத்தையும் நம்ப முடியாமல் போகிறது. கடைசியிலேயே இருக்கட்டும்.

ஃபைனல் ரெக்கனிங் (2025) முதல் ஒரு மணி நேரம் பழைய காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டிச் சோர்வடைய வைக்கிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அவன் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது, லாங்லிக்கு அடுத்தபடியாக நான் மூச்சைப் பிடித்தது அங்கேதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாங்லி அறையில் உட்கார்ந்திருந்த டன்லோ, அந்தத் திருட்டால் அலாஸ்காவுக்குத் தூக்கியடிக்கப்பட்ட அப்பாவி, அதே நடிகராக, ரால்ஃப் சாக்ஸனாக, 29 ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறார். அங்கே போனதால்தான் மனைவி கிடைத்தாள், வாழ்க்கை கிடைத்தது என்று அவர் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது.

இதுதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் என்னைக் கொண்டுபோகிறது. நம்மிடம் உளவாளிப் படம் இல்லாமல் இல்லை தம்பி. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று எடுத்துத் தள்ளியது, தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று அவரைக் கொண்டாடினோம். ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஆள் புதிது, கதை புதிது. போன படத்தில் காயம்பட்டவன் இந்தப் படத்தில் நொண்டிக்கொண்டு வரமாட்டான். பழைய ஆள் வயதோடு திரும்பி வருவது என் மனதில் நின்றது 2022இல்தான். சுஜாதா கதை எழுதி 1986இல் வந்த 'விக்ரம்' படத்து உளவாளியை, 36 ஆண்டு கழித்து நரைத்த தாடியோடு கூட்டி வந்தவர் நம் கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ். அதில் வீட்டு வேலைக்காரம்மாவாக இருந்தவர் ஏஜென்ட் டீனாவாக மாறும் இடத்தில் தியேட்டர் எழுந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் நண்பரிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். லாங்லி காட்சியில் அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கீழே தொங்குகிற ஈதனையா, மேலே கயிறு பிடித்திருப்பவனையா? நான் மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் மேலே பார்க்க ஆரம்பித்தேன். அவர் முதல் தடவையே மேலேதான் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.