எல்லோருக்கும் அரசு காப்புறுதி வந்தால், நம் பொலிசியை நிறுத்தலாமா?

கேள்வி: கணவருக்கு வயது 47, தனியார் கம்பனியில் வேலை. நான்கு பேருக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதிக்கு வருடம் 96,000 ரூபா, ஐந்து வருடமாகக் கட்டி வருகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. அரசாங்கமே எல்லோருக்கும் காப்புறுதி கொடுக்க வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணாவும் அங்கே ஒபாமா அப்படிச் செய்தார் என்கிறார். இந்த வருடம் கட்டாமல் விட்டு, அந்தக் காசை மகளின் ஏ.எல். டியூஷனுக்கு எடுக்கலாமா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: சகோதரி, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சீனி வருத்தம் வருவதற்கு முன்பே உங்கள் பொலிசி தொடங்கிவிட்டது. அதுதான் உங்கள் பெரிய பலம். இப்போது விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துப் புதிதாக எடுக்கப் போனால், அதை ‘முன்பே இருந்த நோய்’ என்று ஒதுக்கிவிடுவார்கள், அல்லது நீண்ட காத்திருப்புக் காலம் போடுவார்கள்.

அண்ணா சொன்னது பாதிதான் சரி. அங்கே அரசே எல்லோருக்கும் காப்புறுதி கொடுத்துவிடவில்லை, பலர் அரசு உதவியுடன் தனியார் காப்புறுதிதான் எடுத்தார்கள். ஒபாமாவின் அந்தச் சட்டம் கையெழுத்தானது 2010 மார்ச்சில். நோய் இருப்பவரை மறுக்கக் கூடாது என்ற விதி பெரியவர்களுக்கு நடைமுறைக்கு வந்தது 2014இல். இடையில் நான்கு வருடம்! காப்புறுதி விரிவாக்கத்துக்கு மட்டும் பத்து வருடத்தில் சுமார் 940 பில்லியன் டொலர் ஆகும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் அப்போது கணக்கிட்டது. புதிய வரிகளும், முதியோர் மருத்துவத் திட்டச் செலவில் வெட்டுகளும் சேர்ந்துதான் அதை ஈடுகட்டின. சுகமாக இருப்பவர்களும் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்றும் வைத்தார்கள். நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் எந்த நிதியும் தாங்காது.

இங்கே இலங்கையில் என்ன ஆகும்? உங்கள் பிரீமியத்தையே எடுங்கள். ஆளுக்கு 24,000 ரூபா. நாட்டில் ஏறத்தாழ 22 மில்லியன் பேர். பெருக்கினால் 528 பில்லியன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரம் முழுவதற்கும் ஒதுக்கியதே சுமார் 604 பில்லியன்தான். அரசாங்கம் மொத்தமாக எடுப்பதால் பாதி விலைக்குக் கிடைத்தாலும், அந்த 264 பில்லியனும் நம்மிடமிருந்துதான் வர வேண்டும். வற் வரி ஏற்கெனவே 18 சதவீதத்தில் நிற்கிறது.

உண்மையில் நாம் எல்லோரும் ஒரு காப்புறுதிக்கு ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கடையில் சாமான் வாங்கும்போது போகும் வரிதான் அதன் பிரீமியம். பெரியாஸ்பத்திரியிலும், களுபோவிலையிலும், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் பணம் கேட்காமல் பார்ப்பதுதான் அதன் பலன். 2022 நெருக்கடியில் மருந்தை வெளியே வாங்கி வரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்த நாட்களை மறக்க முடியுமா? புதிதாகக் காசு கிடைத்தால் அது முதலில் ஆஸ்பத்திரி மருந்துக் களஞ்சியத்துக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் கைக்காசு பெரும்பாலும் கரைவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்ல. தனியாரில் டொக்டரைப் பார்க்கும் சனலிங், பார்மசி, இரத்தப் பரிசோதனை என்று மாதா மாதம் போகிறது. வார்டில் தங்கினால்தான் பணம் தரும் காப்புறுதி எதுவும், அரசு கொடுத்தாலும் தனியார் கொடுத்தாலும், அந்தச் செலவைத் தொடுவதில்லை.

சரி, டியூஷன் காசுக்கு வழி பார்ப்போம். கணவருக்கு அரச ஆஸ்பத்திரியில் சீனி கிளினிக் கொப்பி ஒன்று போடுங்கள். வழக்கமான மாத்திரையும் பரிசோதனையும் அங்கே இலவசம். காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அது உண்மை. கிடைக்காத மருந்தை அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேட்டு வாங்குங்கள். மாதம் தனியாரில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள், மிச்சம் அங்கேதான் வரும்.

அப்புறம், பொலிசி புதுப்பிக்கும் திகதிக்கு ஒரு மாதம் முன்பே முகவரைக் கூப்பிட்டு, அறை வாடகை வரம்பைக் குறைத்தால் பிரீமியம் எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். காப்புறுதி தரும் மொத்தத் தொகையைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். கணவரின் கம்பனியில் குழுக் காப்புறுதி இருந்தாலும், அதை நம்பி இதை விட வேண்டாம். வேலை போகும் அன்று அதுவும் போய்விடும். மாற்றம் எதுவானாலும், சீனி வருத்தத்துக்கான பாதுகாப்பு அப்படியே தொடரும் என்று காப்புறுதிக் கம்பனியிடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.