எந்தப் புதன்கிழமை? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை: கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) உதவித்தொகை பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை என்பதால் அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். வேலை பார்த்து வரி கட்டிய மாற்றுத்திறனாளிக்குக் கிடைப்பது எஸ்.எஸ்.டி.ஐ. வருமானமும் சேமிப்பும் மிகக் குறைந்தவருக்குக் கிடைப்பது எஸ்.எஸ்.ஐ. இரண்டையும் தருவது ஒரே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம்தான். ஆனால் பணம் வரும் நாளும் விதிகளும் வேறு வேறு. உங்களுக்கு வந்த கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கு எஸ்.எஸ்.டி.ஐ. பணம் போன வாரமே வந்துவிட்டது. என் கணவருக்கு இன்னும் வரவில்லை. எங்கே புகார் செய்வது?

புகாருக்கு முன் பிறந்த தேதியைப் பாருங்கள். 1 முதல் 10 வரை பிறந்தவர்களுக்கு மாதத்தின் இரண்டாம் புதன், 11 முதல் 20 வரை என்றால் மூன்றாம் புதன், 21க்குப் பிறகு என்றால் நான்காம் புதன். உங்கள் கணவர் பிறந்தது 19ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மூன்றாம் புதன்தான். 1997 மே மாதத்துக்கு முன்பிருந்தே பெறுபவர்களுக்கும், இரண்டு திட்டத்திலும் பணம் பெறுபவர்களுக்கும் இந்தப் பணம் 3ஆம் தேதி வரும்.

இன்னொன்று: எஸ்.எஸ்.டி.ஐ.யில் வருகிற தொகை எப்போதும் முந்தைய மாதத்துக்குரியது. செப்டம்பரில் வருவது ஆகஸ்ட் மாதப் பணம்.

என் மகள் பிறந்தது 4ஆம் தேதி. அப்பாவின் கணக்கின் பேரில் அவளுக்கு வரும் தொகை நான்காம் புதன்கிழமைதான் வருகிறது. தவறா?

தவறில்லை. யாருடைய உழைப்பின் பேரில் பணம் வருகிறதோ, அவருடைய பிறந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். மகளின் தேதிக்கு அங்கே வேலை இல்லை.

எஸ்.எஸ்.ஐ. காலண்டரில் 2026 ஆகஸ்ட் மாதத்தில் பணம் வரும் நாளே இல்லையே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. எஸ்.எஸ்.ஐ. 1ஆம் தேதி வர வேண்டும். அது சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே போட்டுவிடுவார்கள். ஆகஸ்ட் 1 சனிக்கிழமை. ஆகவே ஆகஸ்ட் பணம் ஜூலை 31 அன்றே வந்துவிடும். ஜூலை பணம் 1ஆம் தேதி தனியாக வந்திருக்கும். ஜூலையில் இரண்டு, ஆகஸ்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதாக வந்ததைப் போனஸ் என்று எண்ணிச் செலவழித்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் தவிப்பவர்கள் ஏராளம். அந்தத் தொகையை அப்படியே ஒதுக்கி வையுங்கள்.

ஜனவரி 10 முதல் இயலாமை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஜூலையிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். நடுவில் உள்ள மாதங்கள் எங்கே போயின?

சட்டம் எடுத்துக்கொண்டது. எஸ்.எஸ்.டி.ஐ.க்கு ஐந்து முழு மாதக் காத்திருப்பு உண்டு. ஜனவரி முழு மாதம் ஆகாது. பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து. ஜூலைதான் முதல் உரிமை மாதம், அது கையில் சேர்வது ஆகஸ்டில். இந்த ஐந்து மாதப் பணம் பிறகும் வராது. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் 2020இல் வந்த சட்டம் இந்தக் காத்திருப்பை நீக்கியது. எஸ்.எஸ்.ஐ.யில் இந்த விதியே இல்லை. விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து கணக்கு தொடங்கும்.

ஐயா, இரண்டு திட்டத்திலும் ஒப்புதல் கிடைத்தது. மாதத் தொகை வருகிறது, ஒப்புதலுக்கு முந்தைய மாதங்களுக்கான நிலுவைத் தொகை மட்டும் வரவில்லை. வக்கீலைக் கேட்டால் 'பொறுங்கள்' என்கிறார்.

உங்களுக்கும் வக்கீலுக்கும் சண்டை வருவதற்கு முன் சொல்கிறேன், இங்கே அவர் சொல்வது சரி. (நான் அக்கா, ஐயா அல்ல. பரவாயில்லை.)

எஸ்.எஸ்.டி.ஐ. காலாகாலத்தில் வந்திருந்தால் உங்கள் எஸ்.எஸ்.ஐ. குறைந்திருக்கும். ஒரே மாதத்துக்கு இரண்டிலும் முழுத் தொகை போய்விடக் கூடாது என்று, எஸ்.எஸ்.ஐ. நிலுவையை முதலில் கணக்குப் பார்த்து, அதன்படி எஸ்.எஸ்.டி.ஐ. நிலுவையில் கழிப்பார்கள். அதுவரை பெரிய தொகை நிறுத்தி வைக்கப்படும். வக்கீல் கட்டணத்தையும் அதிலிருந்தே பிடிப்பார்கள்: வழக்கமான ஒப்பந்தத்தில் நிலுவையில் 25 சதவீதம், அதற்கு உச்சவரம்பும் உண்டு (2025இல் அது 9,200 டாலர்). வேலையில் அடிபட்டதற்கு இழப்பீடு வாங்கியிருந்தால் அந்தத் தாள்களும் வந்து சேர வேண்டும். பல கோப்புகள் நிற்கும் இடம் அதுதான். இழப்பீட்டு உத்தரவின் நகலை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எஸ்.எஸ்.ஐ. நிலுவை மாத உச்சத் தொகையைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், மொத்தமாக வராது. ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணைகள் வரை ஆகும். 2026இல் தனிநபருக்கு அந்த மாத உச்சம் 994 டாலர். வாடகைக் கடன், மருத்துவக் கடன் இருந்தால் சான்று காட்டி முதல் தவணைகளைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்காதவர்களுக்குத் தானாகச் செய்ய மாட்டார்கள்.

வங்கியை மாற்றினேன், அந்த மாதமே பணம் காணவில்லை.

பழைய கணக்கை மூடியிருப்பீர்கள். புதிய கணக்கில் முதல் தொகை விழுந்த பிறகே பழையதை மூட வேண்டும். இப்போது அந்தப் பணம் அரசுக்குத் திரும்பி, மறுபடி அனுப்பப்பட வேண்டும். வங்கியில் விசாரித்துவிட்டு, உரிய நாளிலிருந்து மூன்று வேலை நாட்கள் கழித்தும் வராவிட்டால் அலுவலகத்தை அழையுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம்.

தங்கை கல்யாணத்துக்காக எஸ்.எஸ்.ஐ. பெறும் மகனுடன் ஆறு வாரம் மதுரை போகிறோம். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். தொடர்ந்து 30 நாட்கள் நாட்டுக்கு வெளியே இருந்தால் எஸ்.எஸ்.ஐ. நின்றுவிடும். திரும்பி வந்து தொடர்ந்து 30 நாட்கள் இங்கே இருந்த பிறகே மீண்டும் தொடங்கும். சொல்லாமல் போய் வந்தால் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும், அதைப் பிற்பாடு வரும் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். முடிந்தால் பயணத்தை நான்கு வாரத்துக்குள் முடியுங்கள். மறுவீட்டு விருந்தை மட்டும் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். எஸ்.எஸ்.டி.ஐ. வாங்குபவருக்கு ஆறு வாரப் பயணத்தால் பணம் நிற்காது.

தொகையை விடுவிக்க கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லச் சொல்கிறார் ஓர் 'அதிகாரி'.

திருடன். போனை வையுங்கள்.

விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகிறது, முடிவே வரவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது.

முதல் முடிவுக்கு ஆறு முதல் எட்டு மாதம் ஆகும் என்று அலுவலகமே சொல்கிறது. மருத்துவ முடிவை எடுப்பது மாநிலத்தில் உள்ள தனிப் பிரிவு. அவர்கள் பெரும்பாலும் காத்திருப்பது உங்கள் மருத்துவமனையின் பதிவேடுகளுக்குத்தான். எந்த மருத்துவரிடமிருந்து இன்னும் வரவில்லை என்று அந்தப் பிரிவில் கேட்டு, அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு நீங்களே நேரில் போங்கள். மாநிலப் பிரிவினர் தங்கள் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். போகாவிட்டால் அதையே காரணமாகக் காட்டி மறுத்துவிடலாம்.

உணவு, மருந்து, தங்குமிடம் கைவிட்டுப் போகும் நிலையில் இருப்பவர்களின் கோப்பை முன்னுரிமையில் எடுக்கும் வழி உண்டு. காலி செய்யும் நோட்டீஸின் நகலை இணைத்து, எந்தத் தேதியில் வீடு போகும் என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுங்கள்.